போனா துரோகி, அனுப்பினா வியூகமா?

மக்களே, கிரிக்கெட் பத்தி எழுதுறதில்லைன்னு ரொம்ப நாளா ஒரு வைராக்கியத்துல இருந்தேன். எழுதினா பாதிப் பேரு மஞ்சள் சட்டையோட வந்து கும்மிட்டுப் போவாங்க, மீதிப் பேரு "உனக்கு வேற பொழப்பே இல்லையா"ன்னு கேட்டுட்டுப் போவாங்க. ஆனா போன வாரம் துறையூர் பஸ் ஸ்டாண்டுல திருச்சி வண்டிக்கு நின்னப்போ காதுல விழுந்த ஒரு பேச்சு என் வைராக்கியத்தைக் கலைச்சிடுச்சு.

ரெண்டு காலேஜ் பசங்க. ஒருத்தன் சொல்றான்: "ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துட்டு சாம்சனை வாங்கினதுதாண்டா செம மூவ். சென்டிமென்ட் எல்லாம் பார்த்தா டீம் நடத்த முடியுமா?" சரி, வெவரமான பையன்தான்னு நினைச்சேன். அஞ்சு நிமிஷம் ஆகல, பேச்சு அவங்க ஊரு டென்னிஸ் பால் டீமுக்குத் தாவிடுச்சு. அவங்க டீம்ல நல்லா பவுலிங் போடுற ஒருத்தன் பக்கத்து ஊரு டீமுக்குப் போயிட்டானாம். அதே பையன், அதே வாய்: "அவன் துரோகிடா. இனிமே அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

டீம் ஆளை அனுப்பினா வியூகம். ஆளு டீமை விட்டுப் போனா துரோகம். இந்த ரெண்டு நாக்கு அந்தப் பையனுக்கு மட்டும் இல்லைங்க. கிளப்புகளுக்கும் இருக்கு, ரசிகர்களுக்கும் இருக்கு, எனக்கும் இருந்துச்சு. என் கதையைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் பெரிய இடத்துக் கதையைப் பார்த்துட்டு வந்துடலாம்.

வெளிநாட்டு விளையாட்டுல 'ஃப்ரீ ஏஜென்ட்'னு ஒரு சமாச்சாரம் உண்டு. ரொம்ப சிம்பிள். ஒப்பந்தக் காலம் முடிஞ்சா ஆட்டக்காரன் சுதந்திரமான ஆளு. எந்த கிளப்போட வேணும்னாலும் பேசலாம், பிடிச்ச இடத்துல கையெழுத்துப் போடலாம். நாம ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்குப் போறோமே, அது மாதிரி. இந்தச் சாதாரண உரிமையும் சும்மா கிடைச்சிடல. அமெரிக்க பேஸ்பால்ல கர்ட் ஃப்ளட்னு ஒரு கறுப்பின ஆட்டக்காரர். 12 வருஷம் ஆடின செயின்ட் லூயிஸ் டீம், 1969-ல அவரை ஒரு வார்த்தை கேட்காம ஃபிலடெல்ஃபியா டீமுக்கு மாத்திவிட்டுச்சு. போக மாட்டேன், நான் ஒண்ணும் வாங்கி விக்கிற சரக்கு இல்லைன்னு கோர்ட்டுக்குப் போனாரு. 1972-ல உச்சநீதிமன்றத்துல தோத்தாரு. தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே அவரோட ஆட்ட வாழ்க்கை முடிஞ்சு போச்சு. ஆனா அவர் போட்ட பாதையிலதான் 1975 டிசம்பர்ல வேற ரெண்டு ஆட்டக்காரங்களுக்குச் சாதகமா தீர்ப்பு வந்து, ஃப்ரீ ஏஜென்ட் முறை பிறந்துச்சு. ஐரோப்பிய கால்பந்துல 1995 டிசம்பர்ல ஜான் மார்க் போஸ்மன்ங்கிற பெல்ஜியம் ஆட்டக்காரர் ஜெயிச்ச வழக்குதான் அதே கதவைத் திறந்துச்சு.

இப்ப நம்ம ஐபிஎல்லுக்கு வருவோம். இங்க அந்தக் கதவே கிடையாது. ஒரு பிளேயரைத் தக்க வைக்கிறது டீமோட முடிவு. விடுவிக்கிறது டீமோட முடிவு. விட்டா அவர் நேரா ஏலத்துக்குப் போகணும், அங்க எவன் அதிகமா கை தூக்குறானோ அவனுக்கு. ஏலத்துல போன ஆளை 'ரைட் டு மேட்ச்' போட்டு அதே விலைக்குத் திரும்ப எடுத்துக்கிற உரிமை சில ஏலங்கள்ல உண்டு. ஆனா அதுவும் டீமுக்குத்தான். ஒரு டீம்லேருந்து இன்னொரு டீமுக்கு மாத்தும்போது பிளேயரோட சம்மதம் வேணும்னு விதி இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா பிளேயர் போகணும்னு நினைச்சு டீம் விட மாட்டேன்னு சொன்னா? அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. சம்மதிக்கிற உரிமை இருக்கு, கிளம்புற உரிமை இல்லை. அதிலயும் 2025 சீசன்லேருந்து, ஏலத்துல எடுக்கப்பட்ட வெளிநாட்டு ஆட்டக்காரர் தகுந்த காரணம் இல்லாம விலகினா ரெண்டு வருஷம் தடை. இங்கிலாந்தோட ஹாரி புரூக் அப்படித்தான் மாட்டினாரு.

இந்த ஏற்பாட்டோட மொத்தக் கதையையும் ஒரே ஆளோட வாழ்க்கையில பார்க்கணும்னா அது ரவீந்திர ஜடேஜாதான்.

2008-ல ராஜஸ்தான் கோப்பை ஜெயிச்சப்போ அந்த டீம்ல இருந்த சின்னப் பையன். ரெண்டு சீசன் முடிஞ்சதும் ராஜஸ்தானோட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காம வேற டீமோட பேசினாருன்னு குற்றச்சாட்டு. தண்டனை என்ன தெரியுமா? 2010 சீசன் முழுக்க ஆடக்கூடாது. 21 வயசுப் பையனுக்கு ஒரு வருஷம் காலி. அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் ஒப்பந்தம் முடிஞ்ச எந்த ஆட்டக்காரனும் கோர்ட் தீர்ப்பைக் கையில வச்சுக்கிட்டு செய்யுற வேலை, இங்க ஒழுங்கீனம்!

அடுத்து 2012 ஏலம். ஒரு டீம் செலவழிக்கலாம்னு வச்சிருந்த உச்சவரம்பே 20 லட்சம் டாலர்தான். சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் ஜடேஜாவுக்கு அந்த வரம்பைத் தொட்டு நின்னுட்டாங்க. அப்ப என்ன செஞ்சாங்கன்னா, ரெண்டு டீமும் ரகசியமா ஒரு தொகையை எழுதிக் கொடுக்கணும், யாரு அதிகமோ அவங்களுக்கு ஆளு. சென்னை ஜெயிச்சுது. அந்த ரகசியத் தொகை எவ்வளவுன்னு வெளியில சொல்லவே இல்ல. அது ஜடேஜாவுக்கும் போகல, கிரிக்கெட் வாரியத்துக்குப் போச்சு. அதாவது மாட்டை ஏலம் விட்டு, கூடுதல் விலையைச் சந்தைக்காரனே எடுத்துக்கிட்ட மாதிரி.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். நடுவுல சென்னை தடையில இருந்த ரெண்டு வருஷம் போக 12 சீசன் மஞ்சள் சட்டை. 2022-ல தோனியை விட அதிகமா 16 கோடி கொடுத்து வச்சுக்கிட்டாங்க, கேப்டனும் ஆக்கினாங்க. எட்டு மேட்ச்ல ஆறு தோல்வி, கேப்டன் பதவி திரும்பவும் தோனிகிட்ட. அடுத்த வருஷம் அகமதாபாத் ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துல 10 ரன் வேணும்ங்கிறப்போ ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். அந்த ராத்திரி ஒரு மணிக்கு மேல எங்க தெருவுல வெடி வெடிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். தோனி அவரைத் தூக்கி வச்சிருந்த படத்தை எத்தனை பேரு மொபைல்ல முகப்பா வச்சிருந்தோம்!

2025 நவம்பர். ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் சென்னைக்கு. சாம்சனுக்கு அதே 18 கோடி. ஜடேஜாவோட தொகை மட்டும் 18 கோடியிலேருந்து 14 கோடியா குறைஞ்சுது. ரொம்பக் கஷ்டமான முடிவு, சம்பந்தப்பட்ட வீரர்கள்கிட்ட பேசித்தான் எடுத்தோம்னு சென்னை நிர்வாகம் சொல்லுச்சு. நான் நம்புறேன். 36 வயசு ஆட்டக்காரரைக் கொடுத்துட்டு 31 வயசு கீப்பர் பேட்ஸ்மேனை வாங்குறது கிரிக்கெட் கணக்குல சரியாவே இருக்கலாம், அதுல எனக்குச் சண்டை இல்ல.

என் சண்டை இதுதான். 2010-ல வேற டீம் பத்தி ஒரு ஆட்டக்காரர் யோசிச்சா தடை. 2025-ல அதே ஆட்டக்காரரைப் பத்தி டீம் யோசிச்சா அது தொலைநோக்கு. அதுவும் சுத்திச் சுத்தி அதே ராஜஸ்தானுக்கே! காசு கொடுக்குறவன் யோசிக்கலாம், ஆடுறவன் யோசிக்கக்கூடாதா?

இதுல "நாங்க ஒரு குடும்பம்"னு வேற ஒரு பாட்டு. குடும்பம்னா ரெண்டு பக்கமும் குடும்பமா இருக்கணும் இல்லையா? சுரேஷ் ரெய்னாவை எடுத்துக்கங்க. சின்ன தல. 2022 ஏலத்துல அவர் பேரை வாசிச்சப்போ ஒரு டீமும் கை தூக்கல, சென்னையும் தூக்கல. ஃபார்ம் இல்ல, வயசாச்சு, காரணமெல்லாம் நியாயமாவே இருக்கலாம். ஆனா குடும்பத்துல ஃபார்ம் பார்த்தா சோறு போடுவாங்க? அஷ்வின் கதையும் அப்படித்தான். சென்னைப் பையன். 2018-ல டீம் திரும்பி வந்தப்போ தோனி, ரெய்னா, ஜடேஜா மூணு பேரைத் தக்க வச்சாங்க, அஷ்வின் ஏலத்துக்குப் போனாரு, பஞ்சாப் 7.6 கோடிக்கு எடுத்துக்கிச்சு. 2024 நவம்பர் ஏலத்துல 9.75 கோடிக்கு சென்னைக்குத் திரும்பி வந்தாரு, ஒரே சீசன் ஆடி 2025 ஆகஸ்ட்ல ஐபிஎல்லுக்கே கும்பிடு போட்டாரு. ஊரை விட்டுப் போனதும் ஏலம், ஊருக்கு வந்ததும் ஏலம்.

சென்னையை மட்டும் குத்துறேன்னு நினைக்காதீங்க, எல்லாக் குட்டையிலயும் ஒரே மட்டைதான். ஹர்திக் பாண்டியாவை ஏழு சீசன் ஆட வச்ச மும்பை, 2022-க்கு முன்னாடி தக்க வைக்காம விட்டுச்சு. யாரும் மும்பையைத் துரோகின்னு சொல்லல. குஜராத்துக்குக் கேப்டனாப் போய் முதல் வருஷமே கோப்பை, அடுத்த வருஷம் ஃபைனல். 2023 நவம்பர்ல மும்பை திரும்ப வாங்குச்சு. அப்ப பார்க்கணுமே! 2024 சீசன்ல அகமதாபாத்ல கூச்சல், வான்கடேயில சொந்த ரசிகர்களே கூச்சல். ரெண்டு டீம் ஆபீஸ்ல பேசி முடிச்ச வியாபாரத்துக்கு, மைதானத்துல நிக்கிற ஒருத்தன் வசை வாங்கினான்.

கிளப்புகள் இப்படிக் கேவலமா நடந்துக்குறது நம்ம ஊரு வியாதி மட்டும் இல்ல. 2010 ஜூலையில லெப்ரான் ஜேம்ஸ் ஒப்பந்தம் முடிஞ்சு, முழு உரிமையோட கிளீவ்லேண்டை விட்டு மயாமிக்குப் போனாரு. டிவியில தனியா ஒரு நிகழ்ச்சி வச்சு அறிவிச்சது கொஞ்சம் ஓவர்தான், ஒத்துக்குறேன். ஆனா அன்னைக்கு ராத்திரியே கிளீவ்லேண்ட் ஓனர் டான் கில்பர்ட் காமிக் சான்ஸ் எழுத்துருவுல ஒரு பகிரங்கக் கடிதம் போட்டாரு பாருங்க... கோழை, துரோகம்னு வாய்க்கு வந்தபடி. அவன் கோப்பை ஜெயிக்கிறதுக்கு முன்னாடி நாங்க ஜெயிப்போம்னு சபதம் வேற. ரசிகருங்க சட்டையைக் கொளுத்தினாங்க. என்ன ஆச்சு? லெப்ரான் 2012-லயும் 2013-லயும் மயாமியில கோப்பை ஜெயிச்சாரு. கிளீவ்லேண்ட் தோத்துக்கிட்டே இருந்துச்சு. 2014-ல அவரே பெரிய மனசு பண்ணி திரும்பி வந்தாரு, 2016-ல கிளீவ்லேண்டுக்கு முதல் கோப்பை. வர்றதுக்கு முன்னாடி ஓனர் அந்தக் கடிதத்தைச் சத்தம் போடாம எடுத்துட்டாரு. வார்த்தையைக் கொட்டினா அள்ள முடியாதுங்கிறது கோடீஸ்வரனுக்கும் பொருந்தும் :-)

இதுக்கு நேர் எதிரா ஓக்லாண்ட் பேஸ்பால் டீம். 2001 முடிஞ்சதும் ஜேசன் ஜியாம்பி, ஜானி டேமன், ஜேசன் இஸ்ரிங்ஹவுசன்னு மூணு முக்கியமான ஆளுங்க ஃப்ரீ ஏஜென்டா வேற டீமுக்குப் போயிட்டாங்க. ஓக்லாண்ட்கிட்ட காசு கிடையாது. உக்காந்து ஒப்பாரி வைக்கல. போனவங்க மூணு பேரும் சேர்ந்து டீமுக்கு என்ன கொடுத்தாங்கன்னு கணக்குப் போட்டு, அதைச் சில்லறை சில்லறையா மலிவு ஆளுங்ககிட்டேருந்து சேர்த்தாங்க. 2002-ல 103 வெற்றி, அதுல தொடர்ச்சியா 20. நட்சத்திரம் போனா டீம் செத்துடாது, சோம்பேறி நிர்வாகம்தான் சாகும்.

சரி, பின்னூட்டத்துல என்ன வரும்னு தெரியும். நானே சொல்லிடுறேன்.

ஒண்ணு: "கோடி கோடியா வாங்குறவனுக்கு என்னய்யா உரிமை?" கோடி கொடுத்தா வாயை மூடிக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? அதோட, இந்த விதி கோடி வாங்குறவங்களுக்கு மட்டும் இல்ல. 30 லட்சம் அடிப்படை விலைக்குப் போற சின்னப் பசங்களுக்கும் இதே விதிதான். ஒரு டீம்ல பெஞ்சுல உக்காந்து ரெண்டு வருஷம் வீணாப் போற பையன், இன்னொரு டீம்ல இடம் இருக்குன்னு தெரிஞ்சும் அவனாக் கிளம்ப முடியாது. 35 வயசுக்குள்ள முடியுற தொழில்ங்க இது. அதுல ரெண்டு வருஷம்ங்கிறது நம்ம வேலையில பத்து வருஷம்.

ரெண்டு: "இஷ்டத்துக்குப் போகவிட்டா பணக்கார டீம் எல்லாரையும் அள்ளிடும்." மத்த லீக்ல இது நியாயமான பயம். ஐபிஎல்ல எப்படிங்க அள்ளும்? 2025-க்கு எல்லா டீமுக்கும் ஒரே 120 கோடிதான் வரம்பு. அம்பானி டீமா இருந்தாலும் அதுக்கு மேல ஒரு ரூபா ஏறாது. வரம்பை வச்சுக்கிட்டே உரிமையையும் கொடுக்கலாம்.

மூணு: "அப்ப விசுவாசம்னு ஒண்ணு கிடையாதா?" இருக்கு சார். போகக் கூடிய ஆளு போகாம இருந்தாத்தான் அதுக்குப் பேரு விசுவாசம். கதவைப் பூட்டி வச்சுட்டு, உள்ள இருக்கான் பாரு எவ்வளவு விசுவாசம்னு சொன்னா? அது ஜெயிலு.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. அமெரிக்க பேஸ்பால்ல ஆறு வருஷம் பெரிய லீக்ல ஆடி முடிச்சவங்களுக்கு ஒப்பந்தம் முடிஞ்சதும் ஃப்ரீ ஏஜென்ட் உரிமை. அதே மாதிரி ஒரே டீமுக்கு ஆறு சீசன் உழைச்ச ஆட்டக்காரருக்கு, ஏலத்துக்குப் போகாம தானே டீமைத் தேர்ந்தெடுக்கிற உரிமை கொடுங்க. நம்ம நாட்டுலயே கால்பந்துல இது நடக்குது. சென்னையின் எஃப்சிக்கு 2015-லயும் 2018-லயும் கோப்பை ஜெயிச்சுக் கொடுத்த டீம்ல இருந்த ஜெஜே, 2020-ல ஈஸ்ட் பெங்காலுக்குப் போனாரு. வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல.

இப்ப என் கதை.

தொண்ணூறுகளோட கடைசி. துறையூர் பக்கத்துல எங்க ஊரு டீம். நான்தான் கேப்டன், ஏன்னா பேட்டும் ஸ்டம்பும் எங்க வீட்டுல இருந்துச்சு. எங்ககிட்ட ஒரு இடது கை பவுலர் இருந்தான். டென்னிஸ் பாலை யார்க்கர் போட்டான்னா நடு ஸ்டம்பு பறக்கும். எட்டூர் டோர்னமென்ட்ல அவனை வச்சுத்தான் எங்களுக்கு மரியாதை. ஒரு நாள் வந்து சொன்னான், திருச்சியில ஒரு டீம் கூப்பிடுறாங்க, மேட்சுக்கு இருநூறு ரூபாயும் பஸ் காசும் தர்றாங்க, போகட்டுமான்னு. அவங்க அப்பா கூலி வேலை. இருநூறு ரூபா அப்ப அந்த வீட்டுக்கு என்னன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே சொன்னேன்: "காசுக்குப் போறவன் இங்க வரவே வேணாம்."

வரல. நாங்களும் பேசல. கிளப் சுவத்துல எழுதியிருந்த டீம் லிஸ்ட்ல அவன் பேரு மேல சுண்ணாம்பு அடிச்சோம். அவன் கல்யாணத்துக்கு யாரும் போகல.

இதுல அசிங்கம் என்னன்னா, அதுக்கு முந்தின வருஷம்தான் ஒரு ஃபைனலுக்காக எங்க சொந்தக் கீப்பரை உக்கார வச்சுட்டு, பெரம்பலூர்லேருந்து காசு கொடுத்து ஒரு ஆளை நானே கூட்டிட்டு வந்தேன். அந்தக் கீப்பர்கிட்ட மேட்ச் அன்னைக்குக் காலையிலதான் சொன்னேன். அவன் ஒண்ணும் பேசாம எல்லாருக்கும் தண்ணி கொண்டு வந்து கொடுத்தான். அதுக்கு நான் அன்னைக்கு வச்ச பேரு என்ன? வியூகம்!

ரெண்டு வருஷம் முன்னாடி புரட்டாசி சனிக்கிழமை, பெருமாள் மலை படியில கூட்டத்துல அந்தப் பவுலரைப் பார்த்தேன். பொண்டாட்டி புள்ளைங்களோட வந்திருந்தான். அவனாத்தான் வந்து தோள்ல கை போட்டான். பழைய பேச்செல்லாம் பேசிட்டு, கிளம்பும்போது சிரிச்சுக்கிட்டே சொன்னான்: "போய் நல்லா ஆடுறான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, லீவு நாள்ல உங்களுக்கும் வந்து போட்டிருப்பேன்டா."

நான் மேல போய் சாமி கும்பிட்டேனா, என்ன வேண்டினேன்னு எதுவும் ஞாபகம் இல்ல.

அதனால கிளப் நடத்துறவங்களுக்கு, அது ஐபிஎல்லோ நம்ம ஊரு டென்னிஸ் பாலோ, எனக்குத் தெரிஞ்சது மூணுதான். அனுப்புறதா இருந்தா அந்த ஆளுகிட்ட முதல்ல நேர்ல சொல்லுங்க, காலையில சொல்லிட்டு மத்தியானம் தண்ணி தூக்க வைக்காதீங்க. அவனாப் போனா நன்றி சொல்லி அனுப்புங்க, சுவத்துல இருக்கிற பேரை அழிக்காதீங்க, அவன் எடுத்த விக்கெட் எடுத்ததுதான். மூணாவது, அவன் இருக்கும்போதே அடுத்தவனை வளருங்க, அவன் போன அன்னைக்கு அவனைத் திட்டுறதுக்கு உங்களுக்கு நேரம் இருக்காது.

ரசிகப் பெருமக்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவை "துரோகி"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, நாம கடைசியா வேலை மாறினப்போ பழைய ஆபீஸ்காரங்க நம்மளை என்ன சொல்லி அனுப்பினா நல்லா இருந்திருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிங்க. பஸ் ஸ்டாண்டுல அந்தப் பையன்கிட்ட இதைச் சொல்லணும்னுதான் நினைச்சேன். அதுக்குள்ள திருச்சி வண்டி வந்துடுச்சு.

டிஸ்கி: நானும் மஞ்சள் சட்டைக்காரன்தான். அந்தச் சட்டை இன்னும் பீரோவுல இருக்கு, முதுகுல 8-ஆம் நம்பரோட. வீட்டுக்கு ஆட்டோ அனுப்பிடாதீங்க. திட்டுறதுன்னா பின்னூட்டத்துலயே திட்டுங்க, ஆனா "குடும்பம்"னு மட்டும் ஆரம்பிக்காதீங்க.